நிற்கவைத்து எடுத்த அளவு

காலிஞ்சு மாஸ்டரின் தையல் கடைக்கு யார் போனாலும் ஒன்றிலிருந்து தப்ப முடியாது. பேன்ட் தைக்கக் கொடுப்பவர் அங்கே உட்கார்ந்தே தீர வேண்டும். கடை நடுவில் முதுகு சாயாத மர ஸ்டூல் ஒன்று கிடக்கும். மாஸ்டர் முதலில் நிற்கவைத்து அளப்பார், பிறகு ஸ்டூலைக் காட்டுவார்.

"உக்காருங்க."

"அளவு எடுத்தாச்சே மாஸ்டர்?"

"பேன்ட்டை நிக்கிறதுக்கு மட்டுமா போடப்போறீங்க? பஸ்ல உக்கார மாட்டீங்க? ஆபீஸ்ல உக்கார மாட்டீங்க? உக்காருங்க சார், பேசாம."

உட்கார்ந்தவரின் இடுப்பையும் பின்புறத்தையும் மறுபடி அளந்து, "காலிஞ்சு கூட விடணும்" என்று தனக்குத்தானே சொல்லி நோட்டில் குறித்துக்கொள்வார். எந்த உடம்புக்கும் அதே காலிஞ்சுதான். அதுவே பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை அறிந்தவர்கள் அவர் மனைவியும் வங்கிக்காரர்களும் மட்டும்தான்.

இந்தக் கதை நடந்தபோது ஸ்டூல் கடைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய இருபது வருஷம் மாஸ்டர் ஒருவரையும் உட்காரவைத்தது இல்லை. திடீரென்று இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன், எனக்கென்ன பயம்.

மாஸ்டருடைய அத்தான், அதாவது கூடப்பிறந்த அக்காவின் கணவர், ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். கணக்கு வாத்தியார் வேறு. அவர் சிரித்ததை அக்காவே நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். அவர் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் பெரிய பாராட்டு விழா வைத்தார்கள். விழாவுக்குக் கோட்டும் பேன்ட்டும் நானே தைத்துத் தருகிறேன் என்று மாஸ்டர் ஆசையாக அளவெடுக்கப் போனார். அத்தான் வயிற்றை எக்கிக்கொண்டு, தேசியக் கொடிக்கு முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். மாஸ்டர் அந்த விறைப்பை அப்படியே அளந்துகொண்டு வந்து, ஒட்டினாற்போல் தைத்துக் கொடுத்தார். கண்ணாடி முன்னால் அத்தான் ஜம்மென்று இருந்தார், நிற்கும்வரை.

விழா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தார் பாருங்கள், பின்தையல் மேலிருந்து கீழ்வரை 'சர்ர்ர்' என்று விட்டது. எதிரே மேஜைமேல் மைக் இருந்தது. மைக் தன் கடமையைச் செய்தது. மண்டபத்தில் இருந்த நானூறு பேருக்கும் ஏதோ சத்தம் கேட்டது, என்ன சத்தம் என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. கேடயம் வாங்கக் கூப்பிட்டார்கள், எழவில்லை. கல்வி அதிகாரியே நாற்காலிவரை வந்து கையில் கொடுத்தார், அப்போதும் எழவில்லை. "ரிட்டையர் ஆகியும் திமிர் அடங்கல பாரு" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது மேடைக்கே கேட்டது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்ன மனிதர், தன் ஏற்புரையை உட்கார்ந்தபடியே பேசி முடித்தார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா மேஜை விரிப்பை உருவி அவர் இடுப்பில் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ஆசிரியர்கள் சூழ்ந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். எல்லார் பார்வையும் தையல்காரர்மேல் திரும்பியது. அப்போது மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லையே.

"என் அளவு தப்பாகாதுங்க. நான் அளவெடுத்த அப்புறம் அத்தான் வெயிட் போட்டுட்டாரு."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அத்தான் மேஜை விரிப்போடு காரில் ஏறினார். அக்கா தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தோடு சரி. ஆறு வருஷம் போக்குவரத்து இல்லை.

தப்பு தன்மேல்தான் என்பது மாஸ்டருக்கு அன்று இரவே தெரிந்துவிட்டது. மறுநாள் ஸ்டூல் வாங்கினார். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் உட்காரவைத்தார். சொல்ல வேண்டிய ஒருத்தரிடம் மட்டும் சொல்லவில்லை. நாள் கடந்துவிட்டால் இப்படித்தான், ஒரு வார்த்தை வளர்ந்து வாயில் நுழையாத அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அத்தானுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ண நல்ல டாக்டர் உங்க ஊர்லதான் இருக்காராம். சனிக்கிழமை காலை ரயில்ல வரோம். அவரு லாட்ஜ்ல தங்கலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நான் தம்பி வீட்லதான்னு சொல்லியிருக்கேன். என் பேச்சுக்காக அரை மனசா தலையாட்டியிருக்காரு. இந்தத் தடவையும் ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, இனிமே உன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவைப் பார்த்து ஆறு வருஷம். அம்மா போன பிறகு அவரை 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

நியாயமான மனிதன் என்ன செய்வான்? அத்தானிடம் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை யோசித்து வைப்பான். மாஸ்டர் நாலு சக்கரத்தை யோசித்தார்.

அவருடைய கார் பன்னிரண்டு வருஷப் பழசு. எஞ்சின் பரவாயில்லை, உடம்பும் தேவலாம். சக்கரம்தான் பார்க்கச் சகிக்காது. இரும்பு ரிம், அதன்மேல் பிளாஸ்டிக் மூடி, நாலு மூடியில் ஒன்று போன வருஷம் எங்கோ கழன்று உருண்டுவிட்டது. ஒரு ஆளை ஜனங்கள் செருப்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார்கள் என்பது மாஸ்டரின் தொழில் அனுபவம். அத்தான் ரயிலைவிட்டு இறங்கியதும் பளபளக்கும் அலாய் வீலைப் பார்க்க வேண்டும், மச்சினன் தேறிவிட்டான் என்று நினைக்க வேண்டும். அப்படி ஒரு கணக்கு.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அண்ணா வர்றதே கண்ணு தெரியாமத்தானே? நீங்க அலாய் வீல் மாட்டினா என்ன, மாட்டுவண்டிச் சக்கரம் மாட்டினா என்ன?"

"ஆபரேஷன் ஆன அப்புறம் பாப்பாருல்ல?"

"பாத்துட்டு?"

மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் தரையில் மண்டியிட்டு அவர் அளந்த அழகை அந்தக் குடியிருப்பே பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தது. டயருக்கும் மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று நாலு பக்கமும் பார்த்தார். ரெண்டரை இஞ்ச். ஒன்றுக்கு மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் ரெண்டரைதான். அளவில் ஒரு நூல் பிசகு கிடையாது. கார் மட்டும் காலியாக, அசையாமல், சமதரையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

வீல் கடைக்காரர் வழுக்கைத் தலையும் பொறுமையுமாக இருந்தார். பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மாஸ்டர் நோட்டைப் பிரித்து வாசித்தார்: நூற்றெழுபத்தைந்து, அறுபத்தைந்து, பதினாலு.

"இதுல மொதல் நம்பர் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது டயரோட உயரம், அகலத்துல எத்தனை சதவீதம்னு. மூணாவது ரிம் சைஸ், இஞ்ச்ல."

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. "ஒரே வரியில மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச்சா? நான் ஒரு சட்டைக்கு இப்படி அளவு எழுதினா என்னைக் கடையோட தூக்கிப் போட்டுருவாங்களே!"

"உலகம் பூரா இப்படித்தான் சார். இப்ப உங்க வண்டிக்குப் பதினஞ்சு இஞ்ச் ரிம் போடலாம். ரிம் பெருசாகிற அளவுக்கு டயர் மெலிசாகணும். மொத்த உயரம் மாறக்கூடாது, அதான் விஷயம்."

காட்டினார். மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். டயர் மெலிசாக, ஓரம் தைத்த பட்டிபோல் இருந்தது. அவர் கண் பக்கத்து வரிசையில் இருந்த பதினாறு இஞ்ச் வீலில் போய் நிலைத்துவிட்டது. பத்து கம்பி, வெள்ளி நிறம், அதற்கு இருநூற்றைந்து அகலத்தில் கொழுகொழுவென்று ஒரு டயர்.

"அது உங்க வண்டிக்கு வேண்டாம் சார். போல்ட் ஓட்டை பொருந்தும், மாட்டலாம். ஆனா உயரமும் கூடுது, வெளியவும் தள்ளும்."

"எவ்வளவு கூடும்?"

"மேல்பக்கம் மட்டும் பாத்தா ஒரு இஞ்ச் வரும்."

"எனக்கு ரெண்டரை இஞ்ச் இடம் இருக்கு. ஒன்னு போனா ஒன்றரை மிச்சம். காலிஞ்சுல பொழப்பு நடத்துறவன் நான், ஒன்றரை இஞ்ச் எனக்கு மைதானம்."

"இல்ல சார், நீங்க அளந்தப்ப வண்டியில..."

"அளவைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?" என்றார் மாஸ்டர். கழுத்தில் தொங்கிய டேப்பை அவர் தொட்டுக்காட்டிய விதத்தில் வீல் கடைக்காரரின் மீதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாடிக்கையாளர் தலைகீழாக நின்றால் கூடவே தலைகீழாக நின்று பணம் வாங்கிக்கொள்வதுதான் வியாபாரம். நாலையும் மாட்டிக் கொடுத்தார். கடைசியாக மனசு கேட்காமல், "பின்னாடி ரெண்டு பேரை உக்காரவெச்சு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து சொல்லுங்க. பழைய வீலை இங்கயே வெச்சிருக்கேன்" என்றார். மாஸ்டர் அதற்குள் கார் கதவை அடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைவரை அவர் தனியாகத்தான் ஓட்டினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. போகிற வழியில் கடைக் கண்ணாடிகளில் தன் சக்கரத்தைத் தானே பார்த்துக்கொண்டார். தலைகால் புரியவில்லை மனிதருக்கு.

ரயில் வந்தது. அக்கா இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. "டேய், இளைச்சுட்டியேடா" என்றாள், அவ்வளவுதான், மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு அத்தான் படிக்கட்டைக் காலால் தடவித் தடவி இறங்கினார்.

"வாங்க அத்தான்."

"ம்."

காருக்குப் பக்கத்தில் வந்ததும் மாஸ்டர் வேண்டுமென்றே சக்கரத்துக்கு நேராக நின்றார். அத்தான் சக்கரத்தைப் பார்க்கவில்லை. காரையே கைநீட்டித் தொட்டுத்தான் கண்டுபிடித்தார். கூட வந்திருந்த மாஸ்டரின் மனைவி அவரைப் பார்த்தாள். மாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"முன்னாடி உக்காருங்க அத்தான்."

"வேண்டாம். வெளிச்சம் கூசுது. பின்னாடியே இருக்கேன்."

அத்தானும் அக்காவும் பின்னால், மனைவி முன்னால், கல் மாதிரி கனக்கிற ரெண்டு பெட்டி டிக்கியில். கார் கிளம்பியது. நாலு நிமிஷம் எல்லாம் நல்லபடியாகப் போனது. அக்கா ஜன்னல் வழியே பார்த்து, இந்தத் தெரு மாறிவிட்டது, அந்தக் கட்டடம் புதுசு என்று பேசிக்கொண்டு வந்தாள். அத்தான்கூட, "டாக்டர் கைராசிக்காரரா?" என்று ஒரு கேள்வி கேட்டார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போது முதல் வேகத்தடை வந்தது.

'சர்ர்ர்.'

பின்னாலிருந்து அந்தச் சத்தம். துணி கிழிகிற சத்தமேதான். மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். அத்தானின் வலதுகை சட்டென்று தன் பின்புறத்துக்குப் போய்த் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்தான் மங்கல், காதும் ஞாபகமும் கத்தியாக இருந்தன. அவர் முகம் சுண்டிப்போனது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"ரோடு சரியில்ல."

ரெண்டாவது வேகத்தடையில் சத்தம் இன்னும் நீளமாகக் கேட்டது, கூடவே ரப்பர் கருகும் நாற்றம். மாஸ்டர் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார். பின்பக்கம் கார் குந்தி உட்கார்ந்திருந்தது. ரெண்டரையிலிருந்து ஒன்று போக மிச்சமிருந்த அந்த ஒன்றரை இஞ்ச் மைதானத்தில் இப்போது ஒரு தபால்தலை நுழையாது. கொழுத்த டயரின் தோளை மேல் தகடு சீவி எடுத்திருந்தது, கறுப்புச் சுருள் சுருளாகத் தொங்கியது.

"ஆள் இறங்கினா சரியாயிடும்" என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எந்த ஆள்?" என்றது காருக்குள்ளிருந்து அத்தானின் குரல்.

அந்த வழியில் ரெண்டு பள்ளிக்கூடம் இருந்ததால் இன்னும் ஐந்து வேகத்தடை பாக்கி. வேறு வழியில்லை. ஒவ்வொரு தடைக்கும் முன்னால் கார் நின்றது. அத்தான் இறங்கினார், அக்கா அவர் கையைப் பிடித்துத் தடையைத் தாண்டவைத்தாள், காலி கார் பின்னாலேயே பவ்வியமாக ஏறி இறங்கியது, அத்தான் மறுபடி ஏறினார். மூன்றாவது தடையில் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தின் காவலாளி எழுந்து நின்று பார்த்தார். நாலாவதில் அத்தான் ஏற மறுத்துவிட்டார்.

"பக்கத்துல லாட்ஜ் இருக்கா?"

மாஸ்டர் அவசரமாக இறங்கி ஓடிவந்தார். "அத்தான், அந்தத் திருப்பத்துலதான் வீல் கடை. ரெண்டே நிமிஷம். சரி பண்ணிட்டு நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

அத்தான் நடந்தார். எல்லாரும் நடந்தார்கள். மாஸ்டர் மட்டும் தன்னந்தனியாக வெள்ளி நிறச் சக்கரத்தில் உருண்டு போனார்.

வீல் கடைக்காரர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். உட்கார ஏதாவது போட வேண்டுமே என்று புது டயர் ரெண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு அட்டையை வைத்தார். அத்தான் அதன்மேல் உட்கார்ந்தார். உட்காருமுன் ஒரு தடவை தயங்கினார், அதை மாஸ்டர் பார்த்தார்.

"பழைய டயர் என்ன சைஸ்? புதுசு என்ன சைஸ்?" அத்தான் கேட்டார். கடைக்காரர் சொன்னார். அத்தான் கறுப்புக் கண்ணாடிக்குள்ளே எங்கேயோ பார்த்தபடி வாய்க்குள் முணுமுணுத்தார். பேப்பர் இல்லை, பேனா இல்லை.

"பழைய விட்டம் ஐந்நூத்தி எண்பத்து மூணு மில்லிமீட்டர். புதுசு அறுநூத்தி முப்பத்திரண்டு. பாதியாக்கினா இருபத்துநாலரை ஏறியிருக்கு. கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். மாப்ள, மேல எவ்வளவு இடம் இருந்துச்சு?"

"ரெண்டரை இஞ்ச், அத்தான்."

"அப்போ ஒன்றரை மிச்சம். கணக்கு சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் இடிக்குது?"

வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்கவைத்துக் கேட்கிற கேள்வி. வீல் கடைக்காரருக்கு மாஸ்டரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"அளவு தப்பில்லீங்க. ஆளு கொஞ்சம் கனமா இருந்தா இப்படித்தான் அழுத்தும். சாரு நல்ல தாட்டியான உடம்பு, பெட்டியும் வேற..."

அடடா, தட்டில் வைத்து நீட்டிய சாக்கு. மாஸ்டர் ஒன்றும் சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே சொன்ன வார்த்தை, இன்று வேறு ஒருத்தர் வாயால் வந்து நிற்கிறது. நாக்கு நுனிவரை 'ஆமாம்' வந்தேவிட்டது. அப்போதுதான் அக்கா டிக்கிப் பக்கம் நகர்ந்தாள். லாட்ஜுக்குக் கிளம்புகிறவள்போல் ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

"இல்லீங்க" என்றார் மாஸ்டர். "அவரு உடம்பு சரியாத்தான் இருக்கு. அளவெடுத்தவன்தான் தப்பு பண்ணிட்டான். உக்காந்தா எவ்வளவு எறங்கும்னு பாக்கல. சும்மா நிக்கவெச்சே எடுத்துட்டேன்."

"எதை?" என்றார் அத்தான்.

மாஸ்டர் அத்தானுக்கு எதிரே போய் நின்றார்.

"ரெண்டையுந்தான் அத்தான்."

பெட்டியை இழுத்த சத்தம் நின்றது. வீல் கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, ஆனால் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மாஸ்டர் ஆறு வருஷமாக வாயில் நுழையாதிருந்ததை எல்லாம் கொட்டினார். "அன்னைக்கே எனக்குத் தெரியும் அத்தான். நீங்க வெயிட் போடல. அத்தனை பேர் முன்னாடி என் தொழில் பேரு போயிடுமேன்னு உங்க பேரைக் கெடுத்தேன். என்னை மன்னிச்சிருங்க."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தாலும் ஒன்றும் தெரியப் போவதில்லை, ஆனாலும் துடைத்தார்.

"எழுபத்தாறு கிலோ" என்றார். "அன்னைக்கும் எழுபத்தாறு, இன்னைக்கும் எழுபத்தாறு. ஆறு வருஷமா வாரத்துக்கு ஒருதரம் எடை பாத்து எழுதி வெச்சிருக்கேன். யாராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தனும் கேக்கல."

அக்கா பெட்டியைத் திறந்தே விட்டாள். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தம்பி கையில் திணித்தாள். உள்ளே அந்தப் பேன்ட். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வேற டெய்லர் யார்கிட்டயும் குடுக்க விடலடா இவரு. கிழிய வெச்சவனே வந்து தைக்கட்டும்னு அலமாரியில வெச்சுட்டாரு. நீயும் வரல. நானும் எத்தனை நாள்தான் இதைத் தூசி தட்டி வெப்பேன்?"

மாஸ்டர் பேன்ட்டை உள்பக்கம் திருப்பினார். விரல்கள் தானாகத் தையலைத் தேடிப்போயின. துணி கிழியவே இல்லை. ஒரு இழைகூட அறுபடவில்லை. நூல்தான் விட்டிருந்தது. பின்தையலின் ரெண்டு ஓரத்திலும், பழக்க தோஷத்தில் அவரே மடித்து விட்ட துணி முக்கால் முக்கால் இஞ்ச் அப்படியே கிடந்தது. பிரித்துத் தள்ளித் தைத்தால் பத்து நிமிஷ வேலை. அன்று வாசலில் வாயைத் திறப்பதற்குப் பதில் இதைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். மாஸ்டர் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சக்கரக் கடையில் பேன்ட்டைக் கட்டிக்கொண்டு அழுத முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"போதும், எழுந்திரு" என்று சொல்லப்போன தலைமையாசிரியர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் ஏற்கெனவே டேப்பைக் கழுத்திலிருந்து உருவியிருந்தார்.

"நீங்க எழுந்திருக்காதீங்க அத்தான். அப்படியே உக்காந்திருங்க."

டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தபடி அத்தான் அளவு கொடுத்தார். இந்தத் தடவை வயிற்றை எக்கவில்லை. அதற்குள் வீல் கடைக்காரர் பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டி முடித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் மிச்சமிருந்த வேகத்தடையில் அவர்கள் நாலு பேரும் உட்கார்ந்தபடியே ஏறி இறங்கினார்கள், எதுவும் எங்கும் உரசவில்லை.

சீவிய டயரோடு அந்த அலாய் வீல்களை யாரும் திருப்பி எடுக்கவில்லை. மாஸ்டர் நாலையும் கடைக்குக் கொண்டுவந்து ரெண்டு ரெண்டாக அடுக்கி, மேலே ஒரு மெத்தை தைத்துப் போட்டார். ஸ்டூலின் இடத்தில் இப்போது அதுதான். உட்காருகிறவர்கள், "இது ஏது மாஸ்டர்?" என்று கேட்பார்கள். "என் அளவு" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அத்தானின் வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் டாக்டர் கட்டை எடுத்து, பார்வை தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்று அத்தான், மாஸ்டர் பிரித்துத் தள்ளித் தைத்த அந்தப் பேன்ட்டைத்தான் போட்டிருந்தார். மருத்துவமனை வாசலில் மாஸ்டர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அத்தான் ஒற்றைக் கண்ணால் காரை முன்னிருந்து பின்வரை நிதானமாக, விடைத்தாள் திருத்துவதுபோல் பார்த்தார். மூடி இல்லாத சக்கரத்தில் வந்து பார்வை நின்றது.

"வண்டி நல்லாத்தான் வெச்சிருக்க மாப்ள" என்றார். "இந்த வீலை மட்டும் மாத்தியிருக்கலாம்."

சிரிப்பே இல்லாத முகம். மாஸ்டருக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அத்தான் கதவைத் திறந்து, ஒரு கணம்கூடத் தயங்காமல், பொத்தென்று சீட்டில் உட்கார்ந்தார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு சத்தமும் வரவில்லை.